பிழையே இல்லாத நானூறு மணி நேரம்

"நர்ஸும் இல்ல, டாக்டரும் இல்ல. இந்த ரெண்டுங்கெட்டான் படிப்புக்கு இவ்ளோ பெரிய புக்கா?"

இதைச் சொன்னவர், நான் வேலை பார்த்த கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் அக்கா. தபாலில் வந்த பெட்டியைப் பிரித்து நான் புத்தகங்களை மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை.

"சரி, படிச்சு முடிச்சிட்ட. அந்த வேலை இங்க எங்க இருக்கு? தனியா போர்டு மாட்டி ஒக்காரப் போறியா?"

"வரும்போது வரும்க்கா."

"பஸ்ஸா அது, நின்னா வர்றதுக்கு?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அப்படி ஒரு பதவி நம் நாட்டில் அப்போது இல்லை. ஏற்கெனவே பட்டம் வாங்கிய நர்ஸ் இன்னும் மேலே படித்து, கைக்குழந்தை முதல் கிழவர்வரை ஒரு குடும்பத்தையே தானே பரிசோதிக்கலாம், சாதாரண நோய்களுக்குத் தானே வைத்தியம் சொல்லலாம், எதை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தானே முடிவெடுக்கலாம். இதுதான் படிப்பு. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அதைத் தபால் வழியாக நடத்தியது. புத்தகமும் வீடியோ நாடாவும் வீட்டுக்கு வரும். வருடத்துக்கு இரண்டு முறை கோலாலம்பூரில் வகுப்பு. கடைசியில் அறுநூறு மணி நேரம் ஒரு டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். அந்த அறுநூறு இல்லையென்றால் பட்டம் இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் நான் நர்ஸ் ஆனதையே எல்லா மாடியிலும் பேசினார்கள். அதற்குமேல் நான் படித்தது எந்தப் படிப்பு என்று யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு அதில் கர்வம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

எங்கள் கிளினிக் டாக்டரிடம் மேற்பார்வை பற்றி நான் கேட்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவர் யாழ்ப்பாணத்து வழியில் வந்தவர். அவருடைய அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. கூடப் பிறந்தவர்களில் இரண்டு டாக்டர், ஒரு வக்கீல். நான் நீட்டிய தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓம் பிள்ளை, செய்வம். உம்மை மாதிரி ஆக்கள் முன்னுக்கு வரத்தானே வேணும்."

உம்மை மாதிரி ஆக்கள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆனால் அந்த வார்த்தை கூடவே வந்தது. என்னோடு படித்த மற்றவர்கள் ஒரு டாக்டரைச் சம்மதிக்க வைக்க மாதக்கணக்கில் அலைந்தார்கள். ஒரு நர்ஸ் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பதையே பல டாக்டர்கள் விரும்பவில்லை. இவர் மட்டும் ஏன் இரண்டு நிமிடத்தில் சரி என்றார்?

மேற்பார்வைக்கு ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. ஒவ்வொரு நோயாளியையும் முதலில் நான் பரிசோதித்து, பார்த்ததையும் கேட்டதையும் எழுத வேண்டும். பிறகு டாக்டர் அதே நோயாளியைத் தானே பரிசோதிக்க வேண்டும். நான் எழுதியது சரி என்றால் 'ஒத்துப்போகிறேன்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போடுவார். தப்பு என்றால் பக்கத்தில் திருத்தி எழுதுவார். கீழே கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கார்பன் தாள் வைத்து எழுதுவேன், ஏனென்றால் ஒரு நகல் கிளினிக்கில் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. கையெழுத்து ஆனதும் நகலைக் கிழித்து மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டில் போடுவேன். அக்கா எடுத்துக் கோப்பில் வைப்பார் என்று நினைத்திருந்தேன்.

முதல் இரண்டு வாரம் டாக்டர் ஒழுங்காக எழுந்து வந்தார். பிறகு "நீர் பாத்திட்டீர்தானே?" என்று கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினார். பிறகு அதுவும் இல்லை. ஊரே ஷேர் வாங்கி விற்றுக்கொண்டிருந்த காலம். காலையிலேயே டாக்டரின் காதில் டெலிபோன் ஒட்டிக்கொள்ளும். நோயாளிகளை நான் பார்ப்பேன், மருந்துக்கு அவர் கையெழுத்துப் போடுவார். ஒரு மணிக்குக் கதவைச் சாத்தும்போது அன்றைய பதிவுப் பக்கங்களை அவர் முன்னால் வைப்பேன். புரோக்கரோடு பேசியபடியே கோடு, கையெழுத்து, கோடு, கையெழுத்து என்று போட்டுக்கொண்டே போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து இருக்கும் இடம் மட்டும் தெரியும்.

"எல்லாப் பக்கத்துலயும் டாக்டரு கையெழுத்தாம்மா?"

"எல்லாத்துலயும்ப்பா."

"ஒன்னுகூடத் தப்பு இல்லயா?"

"ஒன்னுகூட இல்ல."

அம்மாவைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். நானும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். நான் அவ்வளவு கெட்டிக்காரி என்று உண்மையாகவே நம்பினேன்.

அந்த நம்பிக்கை கோலாலம்பூர் வகுப்பில் உடைந்தது. நானூறு மணி நேரம் முடிந்திருந்தது. எல்லோருடைய புத்தகத்தையும் மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் ஈப்போவிலிருந்து வந்த நர்ஸ் உட்கார்ந்திருந்தார். அவருடைய புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. 'இது நுரையீரல் சத்தம் இல்லை.' 'கல்லீரலைத் தொட்டுப் பார்த்தாயா?' 'மறுபடியும் கேள்.' அவர் கூச்சப்பட்டுக் கையால் மறைத்துக்கொண்டார். வகுப்பு நடத்திய விரிவுரையாளர் அம்மையார் என் புத்தகத்தைப் புரட்டினார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"உங்கள் டாக்டர் ஒரு தடவைகூட உங்களோடு மாறுபடவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, மேடம்."

"அப்படியா" என்று புத்தகத்தை மூடிக் கொடுத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது புத்தகத்தை முதலிலிருந்து பார்த்தேன். நானூறு மணி நேரத்தில் ஒரு மனுஷி ஒரு பிழைகூடச் செய்யாமல் இருப்பாளா? பதினைந்து வருடம் ஆன டாக்டர்களே ஒருவருக்கொருவர் மாறுபடுகிறார்கள். அப்படியென்றால் என் காது கேட்டதெல்லாம் சரியா, தப்பா? எது சரி, எது தப்பு? சொல்ல வேண்டியவர் கேட்கவே இல்லை. பிறகு எதை வைத்துக் கையெழுத்துப் போட்டார்? என்மேல் நம்பிக்கை வைத்துத்தான் போட்டாரோ? வாசித்துவிட்டுத்தான் போட்டாரோ?

அன்றிலிருந்து கிளினிக்கில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். டாக்டர் பேனாவைத் திறக்கும்போது அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். ஒரு நாள் ஒரு பக்கத்தைத் தலைகீழாக வைத்தேன். அப்படியே கையெழுத்துப் போட்டார். ஆனால் அது போதாது என்று பட்டது. பழக்கத்தில் போட்டிருக்கலாம். அக்காமீதும் சந்தேகம். நான் பதிவு எழுதும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பார். டாக்டருக்கு ஏதோ சொல்வதற்குத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அந்த வாரம் பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஒரு பெண் இருமலுக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது. தொண்டை சிவந்திருந்தது. நுரையீரல் சுத்தம். இதயமும் ஒழுங்காகத்தான் துடித்தது.

"ஒன்னுமில்ல, தொண்டைப் புண்ணுதான்" என்றேன்.

"எம்.சி. ஒரு நாள் குடுப்பீங்களா மிஸ்ஸி? நாளைக்கு மட்டும். அதுக்கு மேல வேணாம், லைன் லீடர் வேலைக்கு என் பேரு போயிருக்கு."

எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். விடுப்புச் சீட்டுக்கு டாக்டரின் கையெழுத்து வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அவளுடைய கிளினிக் அட்டையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். என் பதிவுப் புத்தகத்தில் மட்டும் ஒரு பொய் எழுதினேன். இதயத் துடிப்போடு சேர்ந்து கூடுதலாக ஒரு சத்தம் கேட்கிறது, வால்வில் கோளாறு இருக்கலாம் என்று. வாசித்த எந்த டாக்டரும் எழுந்து நிற்க வேண்டிய வரி அது. ஒரு மணிக்கு அவர் கையெழுத்துப் போட்டால் அங்கேயே காட்டிக் கேட்பேன், பிறகு பக்கத்தையும் நகலையும் கிழித்துவிடுவேன் என்பது என் திட்டம்.

ஒரு மணிக்கு அவர் கோடு போட்டார். கையெழுத்துப் போட்டார். "விக்காதீங்கோ, இன்னும் ஏறும்" என்று டெலிபோனில் சொன்னார்.

நான் கேட்கவில்லை. என் சந்தேகம் சரிதான் என்று ஆகிவிட்டது. அதில் ஒரு கேவலமான சந்தோஷம் வந்தது. பதிவுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏதோ பரீட்சையில் ஜெயித்த மாதிரி சாப்பிடப் போனேன். பக்கத்தைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பழக்கத்தில் நகலைத் தட்டில் போட்டுவிட்டிருந்தேன் என்பது சாப்பிட்டுத் திரும்பி வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. தட்டு காலியாக இருந்தது. கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் என் நகல் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்ணுடையது மட்டுமல்ல, நானூறு மணி நேரத்து நகலும் இல்லை.

அக்கா டாக்டரிடம் கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். இருவரும் சேர்ந்து என்னைப் பிடிக்கக் காத்திருக்கிறார்கள். நானாகக் கேட்டால் மாட்டிக்கொள்வேன். அதனால் கேட்கவில்லை. "அக்கா, நகலெல்லாம் எங்க?" என்று மூன்று வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அக்கா அவற்றை யாரிடமும் கொடுக்கவில்லை. முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு நகலையும் அந்தந்த நோயாளியின் அட்டைக்குள் செருகி வைத்திருந்தார். நோயாளியைப் பற்றிய காகிதம் நோயாளியின் அட்டையில்தானே இருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் விடுமுறையில் ஆஸ்திரேலியா போனார். அவருக்குப் பதிலாக ஒரு இளம் டாக்டர் வந்து உட்கார்ந்தார். மேற்பார்வைக்கு அவர் இல்லாததால் நானும் அந்த வாரம் விடுப்பு எடுத்தேன். நான் திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும், அந்தத் தொழிற்சாலைப் பெண் கிளினிக்குக்குள் வந்தாள். எண் வாங்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள். கையில் பெரிய ஆஸ்பத்திரியின் உறை.

"மிஸ்ஸி, அன்னிக்கு என் நெஞ்சுல நீங்கதானே வச்சுக் கேட்டீங்க?"

"ஆமா."

"ஒன்னுமில்லன்னு சொன்னீங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. அப்புறம் உள்ள ஒரு தாள்ல எனக்கு ஹார்ட்டுல கோளாறுன்னு எழுதி வச்சிருக்கீங்க. ஏன் மிஸ்ஸி மறைச்சீங்க?"

நாங்கள் இல்லாத வாரம் வயிற்றுவலிக்கு வந்தவளின் அட்டையைத் திறந்த இளம் டாக்டர் என் நகலைப் பார்த்திருக்கிறார். கீழே மூத்த டாக்டரின் கையெழுத்து வேறு. நெஞ்சில் வைத்துக் கேட்டிருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. தன் காதைவிட அந்தக் கையெழுத்தை நம்பிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே தேதி கிடைக்கும்வரை அவள் அம்மா அவளை இரவு வேலைக்கு விடவில்லை. தொழிற்சாலையில் ஏன் என்று கேட்டார்கள். கடிதத்தைக் காட்டினாள். லைன் லீடர் வேலை பக்கத்து லைன் பெண்ணுக்குப் போய்விட்டது.

"இப்ப எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு, ஒன்னுமே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க" என்று உறையை ஆட்டினாள். "அப்ப நீங்க என்னாதான் கேட்டீங்க?"

எனக்கு ஒரு பொய் தயாராக இருந்தது. சில சத்தம் வந்து போகும், ஜாக்கிரதைக்காக எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நன்றிகூடச் சொல்லியிருப்பாள். ஜன்னலுக்குப் பின்னால் அக்காவின் கை மாத்திரை எண்ணுவதை நிறுத்தியிருந்தது.

"ஒன்னும் கேக்கல. ஒனக்கு ஒன்னுமே இல்ல" என்றேன். "டாக்டர் நான் எழுதுறத வாசிக்கிறாரான்னு பாக்க, வேணும்னே தப்பா எழுதினேன். அந்தத் தாள் ஒன் அட்டைக்குள்ள போகும்னு எனக்குத் தெரியாது."

அவள் உறையை மேசைமேல் வைத்தாள்.

"டாக்டர டெஸ்ட் பண்ண என் நெஞ்சுதான் கெடச்சுதா?"

நான் இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன்.

"படிச்சவங்கதானே நீங்க? அத டாக்டர்கிட்டயே கேக்க வேண்டியதுதானே? வாயி இல்லயா?"

தப்பு முழுக்க என்னுடையது என்று தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். "குடுங்க" என்றாள். என் பெயர் போட்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள். என்னை இனி நம்ப மாட்டாள் என்று தெரிந்தது. நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். அந்த வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அவள் போனதும் அக்கா வெளியே வந்தார்.

"நான் அட்டைக்குள்ள வைக்கிறேன்னு ஒனக்குத் தெரியாதா? இத்தன மாசம்?"

"தெரியாதுக்கா. டாக்டர்கிட்ட குடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஏன் அவர்ட்ட குடுக்கணும்?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "அடி பாவி, என்னயவா ஸ்பைன்னு நெனச்ச? ஒன் எழுத்து எப்படிச் சேந்து வருதுன்னு பாப்பேன்லா. எனக்கு இங்கிலீஷ்ல மருந்து பேரு மட்டும்தான் எழுத வரும்."

அன்று மத்தியானம் டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தலைகீழாக வைத்த பக்கத்தையும் சொன்னேன். அவர் முகம் மெல்லச் சிவந்தது.

"என்னையோ டெஸ்ட் பண்ணினனீர்?"

"நீங்க வாசிக்கலயே டாக்டர்."

"நான் ஏன் வாசிக்க வேணும்? உம்மை நம்பித்தான் சைன் வைச்சனான். உமக்குப் பேப்பர்தானே பிள்ளை வேணும்? நான் தடுத்தனானோ? ஒரு சதம் கேட்டனானோ?"

அதுதான் விஷயம் என்று அப்போது விளங்கியது. அவர் என்னை ஏமாற்றவில்லை. எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். நான் கற்றுக்கொள்ள வந்தேன் என்பது அவர் மனதில் ஏறவே இல்லை. மூட்டை தூக்கியவர் மகளுக்கு ஒரு தாள் வேண்டும், போட்டுக் கொடுத்துவிடுவோம். கோவிலில் வரிசையில் நிற்பவர்களுக்கு அன்னதானம் போடுகிற மாதிரி.

கொஞ்சம் ஆறிய பிறகு அவரே வழி சொன்னார். "இது வெளியில போனால் உமக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல். அந்தத் தாளைக் கிழிச்சுப்போடும். மற்ற மணித்தியாலமெல்லாம் இருக்கட்டும். இன்னும் ரெண்டு மூண்டு மாசம். முடிச்சுக்கொண்டு போம்."

அந்தப் பொய்ப் பக்கத்தை மட்டும் கிழித்தால் போதும். மற்ற பக்கங்களில் பொய் இல்லை. ஆனால் அவை உண்மையா என்பதும் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. அந்த நானூறு மணி நேரத்தில் எத்தனை நெஞ்சு, எத்தனை வயிறு, எத்தனை குழந்தையின் காது! தொழிற்சாலைப் பெண் விஷயத்தில் நான் பொய் எழுதினேன் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களில் யாரிடம் இருந்ததைக் கேட்காமல் 'சுத்தம்' என்று எழுதினேன்?

ஒரு வாரம் அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். திரும்பி வந்தவர்களைத் தேடினேன். நான் 'சுத்தம்' என்று எழுதிய ஒரு கிழவர் பத்து நாள் கழித்து நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து பிழைத்திருந்தார். நான் பார்த்த அன்றே இருந்ததா, பிறகு வந்ததா? யாராலும் சொல்ல முடியாது. அன்று இன்னொரு காது கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். டாக்டரைக் குற்றம் சொல்வதைவிட நான் எழுதிய பொய் வரியை முதலில் வைத்தேன். மாற்றி வைத்தால் என்மேலேயே எனக்குச் சந்தேகம் வரும். தபாலில் சேர்த்த பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

"அவரே இருக்கட்டும்னு சொல்லும்போது ஒனக்கு என்னாம்மா?" என்றார் அப்பா.

"நான் சரியாப் பாத்தேனான்னு எனக்கே தெரியலப்பா."

"கையெழுத்து இருக்கே."

"கையெழுத்துதான்ப்பா இருக்கு."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

பதில் வர ஆறு வாரம் ஆனது. நானூறு மணி நேரமும் ரத்து. என் கோப்பில் ஒரு எச்சரிக்கை. படிப்பை முடிக்க ஒரு வருடம் கூடுதல் அவகாசம். வேறு டாக்டரின் கீழ் அறுநூறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசி வரியில் என் நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் அதே வரியைத்தான் தட்டச்சுச் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளினிக்கை விட்டேன். ஏழு இடங்களில் கேட்டேன். நடந்ததைச் சொன்னதும் ஆறு பேர் கதவைக் காட்டினார்கள். டாக்டரைச் சோதிக்கிற நர்ஸ் யாருக்கு வேண்டும்? ஏழாவது, நிபோங் திபாலில் தனியாகக் கிளினிக் நடத்தும் ஒரு சீன டாக்டர் அம்மா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு வர முடியும் என்று. இவரும் ஏன் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தார் என்று எனக்குள் மறுபடியும் அரித்தது. இந்த முறை வாயைத் திறந்து கேட்டேன்.

"எனக்கு ஆள் இல்லை. நீ உதவியாக இருப்பாய் என்றுதான்" என்றார். "ஆனால் என் காதைத் தாண்டாமல் எதற்கும் கையெழுத்து வாங்க முடியாது."

ஒரு திங்கட்கிழமை விடிவதற்கு முன் பெர்ரிப் படகு ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்துப் போனேன். புதுப் பதிவுப் புத்தகம். முதல் நோயாளி ஒரு தோட்டத் தொழிலாளி அம்மா, மூச்சிரைப்பு. முதுகில் இரண்டு பக்கமும் நிதானமாகக் கேட்டேன். 'சுத்தம்' என்று எழுதினேன். டாக்டர் வந்து தானும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். நான் அவர் கண்ணையும் கையையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் கீழே ஒரே இடத்தில் மூன்று முறை வைத்தார். பிறகு என் பக்கத்தை எடுத்து, நான் எழுதியதைக் கடைசிவரை வாசித்துவிட்டு, அந்த வார்த்தையை அடித்தார்.

"வா. இங்கே வை. அவசரப்படாதே."

வைத்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாவை இன்னும் ஆழமாக ஒரு மூச்சு இழுக்கச் சொன்னேன்.